ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் பாதியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுகிற சிஸ்டம், ஸ்மார்ட் குப்பைத்தொட்டி, இலையைப் படம் பிடித்து பயிர் நோய் கண்டுபிடிப்பது. இவற்றுக்கு நடுவில் இப்போதெல்லாம் ஒரு புதுத் தலைப்பும் தவறாமல் வருகிறது: விர்ச்சுவல் ரியாலிட்டி மூலம் முதியோரின் மனச்சோர்வைக் குறைத்தல். ஹேக்கத்தான் பக்கம் போனாலும் இதே ஐடியாவோடு இரண்டு டீமாவது நிற்கும்.

நல்ல தலைப்புதான். ஸ்மார்ட் குப்பைத்தொட்டியைவிட ஆயிரம் மடங்கு நல்ல தலைப்பு. என் சண்டை அதை நாம் செய்கிற விதத்தோடு.

எப்படிச் செய்கிறோம்? யூனிட்டியில் ரெடிமேடாகக் கிடைக்கிற ஒரு கடற்கரை, ஒரு பைன் மரக் காடு, பின்னணியில் புல்லாங்குழல். ஒரு சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறோம். பத்து பேருக்கு வரிசையாக ஹெட்செட் மாட்டுகிறோம். அவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பதை போட்டோ எடுக்கிறோம். ஐந்து ஸ்மைலி போட்ட ஃபீட்பேக் ஃபார்மில் எல்லாரிடமும் டிக் வாங்குகிறோம். மதியச் சாப்பாட்டுக்குள் பஸ் ஏறியாச்சு. ரிப்போர்ட்டின் கடைசி அத்தியாயத்தில் "மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது" என்று ஒரு வரி. அந்தப் பத்து பேரை அதற்குப் பிறகு நம்மில் யாரும் பார்த்ததில்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்செட் தனியாக யாருடைய மனச்சோர்வையும் தீர்க்காது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு இருபது வயசுக்காரரையும் எழுபத்தைந்து வயசுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவைக்க, இதைவிட நல்ல சாக்கு இப்போதைக்கு நம் கையில் இல்லை. ப்ராஜெக்ட்டை அந்தப் பேச்சுக்காக டிசைன் பண்ணணும். நாம் காட்சிக்காக டிசைன் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் மனச்சோர்வு என்று எதைச் சொல்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "உடம்புக்கு முடியல" என்பார்கள். "பசிக்கல, வேணாம்" என்பார்கள். விடிகாலை மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, மூட்டு வலிக்கிறது, சீரியல்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை, "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்று அடிக்கடி வருகிறது. இதற்கெல்லாம் சேர்த்து வீட்டில் ஒரே பதில்: வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்.

இப்படிச் சொல்லியே எவ்வளவு விட்டுவிடுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய முதியோர் பற்றிய லாஸி என்கிற தேசிய ஆய்வு 2017-18இல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேருக்கு மேல் சந்தித்துக் கேள்வி கேட்டது. 60 வயது தாண்டியவர்களில், "எனக்கு டிப்ரஷன் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னவர்கள் 0.8 சதவீதம். அதே ஆட்களிடம் அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணக்குப் போட்டபோது வந்தது 8.3 சதவீதம். பத்து மடங்கு. அதாவது இந்த நிலையில் இருக்கிற பத்து பேரில் ஒன்பது பேருக்கு அதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்பது 2021-க்கான மதிப்பீடு. கேரளாவுக்கு அடுத்து நாம்தான். எனவே இதை வெளிநாட்டுப் பிரச்சினை, பணக்காரப் பிரச்சினை என்று யாராவது வைவாவில் சொன்னால் இந்த எண்களை எடுத்து நீட்டுங்கள்.

இப்போது வி.ஆர். பக்கம் வருவோம். மனநல சிகிச்சைக்கு வி.ஆர். புதுசு இல்லை. 1990-களிலேயே அமெரிக்காவின் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம் என்கிற உளவியலாளரும், ஜார்ஜியா டெக்கில் கம்ப்யூட்டர் பேராசிரியராக இருந்த லாரி ஹாட்ஜஸும் சேர்ந்து உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு வி.ஆர். கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி லிஃப்ட், பால்கனி, தொங்குபாலம். அன்றைய கிராஃபிக்ஸ் இன்றைக்கு நம் முதல் வருட அசைன்மென்ட்டைவிட மோசமாக இருக்கும். ஆனாலும் வேலை செய்தது. காரணம் எளிது. உயரப் பயம் உயரமான இடத்தில் நடக்கிறது. அந்த இடத்தைப் பத்திரமாக உருவாக்கிக் கொடுத்தால் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.

மனச்சோர்வுக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. அது எந்த பால்கனியிலும் காத்துக்கொண்டிருப்பதில்லை. அதனால்தான் "பயத்துக்கு வேலை செஞ்சுது, சோர்வுக்கும் செய்யும்" என்று நேரே தாவ முடியாது. இந்தத் தாவலைத்தான் நம் ரிப்போர்ட்களின் முன்னுரைகள் ரொம்ப சுலபமாகத் தாவிவிடுகின்றன.

முதியோர் விஷயத்தில் இதுவரை நடந்ததில் பெரிய களச் சோதனைகளில் ஒன்றை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் நடத்துகிற ஆய்வகம் செய்தது. மைண்ட்வி.ஆர். என்ற நிறுவனம் தயாரித்த காட்சிகள். அமெரிக்காவின் 10 மாநிலங்களில் 17 முதியோர் குடியிருப்புகள், 65 முதல் 103 வயது வரை 245 பேர். பாராசூட்டில் பறப்பது, நாய்க்குட்டிகள் விளையாடுவது என்று பலவகைக் காட்சிகள். பார்த்து முடித்ததும் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் மனநிலை உற்சாகமாக இருக்கிறது என்றார்கள். தனிமை உணர்வு குறைந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம்.

பெரும்பாலான ப்ரசன்டேஷன்கள் இந்த 80-ஐ எடுத்து ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு எண். பார்த்ததைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது எங்கள் உறவை நெருக்கமாக்கியது என்று சொன்னவர்கள், முதியவர்களில் 80 சதவீதத்துக்கு மேல். அவர்களைப் பராமரிக்கிற ஊழியர்களில் ஏறத்தாழ 95 சதவீதம். இந்த 95-ஐ இன்னொரு தடவை படியுங்கள். ஊழியர்கள் ஹெட்செட் மாட்டியவர்கள் இல்லை, பக்கத்தில் நின்றவர்கள். தினமும் மாத்திரையும் சாப்பாடும் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுகிறவர்களுக்கு, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமா?

பாஸ்டன் பகுதியில் ரெண்டெவர் என்று ஒரு நிறுவனம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அவர்களுடைய சிஸ்டத்தில் ஒரு டேப்லெட்டிலிருந்து எல்லா ஹெட்செட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே காட்சி ஓடும். டெக்னிக்கலாக அது ஒரு சிங்க் பிரச்சினை, அவ்வளவுதான். ஆனால் ஆறு பேர் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்பதால் தனியாக உட்கார்ந்து பார்க்கிற பெட்டி ஒரு கூட்டுப் பயணமாக மாறுகிறது.

ஜப்பான் கதை இன்னும் சுவாரசியம். கென்டா தோஷிமா என்பவர் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற வேலையில் இருந்தவர். நடக்க முடியாதவர்கள் போக ஆசைப்பட்ட இடங்களுக்கு இவரே போய் 360 டிகிரி கேமராவில் படம் பிடித்துவந்து காட்ட ஆரம்பித்தார். பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அதை ஆய்வாகவே தொடர்ந்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நல்லா நடமாடுகிற முதியவர்களுக்கு கேமரா சொல்லிக்கொடுத்து, வெளியே வர முடியாத முதியவர்களுக்காக அவர்களையே படம் பிடிக்க வைத்தார். யோசித்துப் பாருங்கள். ஒருத்தருக்குப் பார்க்கிற சந்தோஷம். இன்னொருத்தருக்கு வீட்டைவிட்டு இறங்கி நடக்க ஒரு வேலை, தன்னால் யாருக்கோ பிரயோஜனம் என்கிற நினைப்பு. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற கேள்விக்கு இரண்டாவது ஆளிடம் ஒரு பதில் இருக்கிறது. எந்த ரெண்டரிங் எஞ்சினும் அதைக் கொடுக்காது.

நம் பக்கத்தில் காட்சி விஷயத்தில் ஏன் ஆல்ப்ஸிலேயே நிற்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. போன வருடம் என்.எஸ்.எஸ். சார்பில் ஒரு இல்லத்துக்குப் போயிருந்தபோது ஹெட்செட் எதுவும் எடுத்துப்போகாமல் சும்மா கேட்டுப்பார்த்தோம்: "ஒரே ஒரு இடத்துக்கு இப்பவே போகலாம்னா எங்க போவீங்க?" சுவிட்சர்லாந்து என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வேளாங்கண்ணி கொடியேற்றம் என்றார் ஒரு அம்மா. திருவாரூர் தேர், அதுவும் வடம் பிடிக்கிற கூட்டத்துக்குள்ளேயிருந்து பார்க்கணும் என்றார் ஒரு ஐயா. தான் முப்பது வருஷம் வேலை பார்த்த மில்லின் கேட்டைப் பார்க்கணும் என்றார் இன்னொருவர். மில்லை மூடி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. பாட்டிகளில் பெரும்பாலானோர் சொன்னது பிறந்த வீடு. அதிலும் ஒரு பாட்டி வீடுகூட வேண்டாம், கொல்லைப்புறக் கிணத்தடி போதும் என்றார். "அங்கதான் கண்ணு நாங்க நாலு பேரும் உக்காந்து பேசுவோம்." அந்த நாலு பேர் யார் யார், யார் யாரைக் கட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார்கள் என்று அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கிளம்பும்போது வார்டன் அம்மா சொன்னார்: "இவங்க இவ்ளோ பேசி நான் பார்த்ததே இல்ல."

பழசைப் பேசுவதை "பொலம்பல்" என்று நாம் தள்ளிவிடுகிறோம். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வயதானவர்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது மூளை தளர்ந்ததன் அடையாளம் அல்ல. வாழ்ந்ததைக் கணக்குப் பார்த்து முடித்துவைக்கிற, மனசுக்குத் தேவையான வேலை என்றார். பழைய போட்டோ, பழைய பாட்டு, பழைய பொருள் எதையாவது கையில் கொடுத்துப் பேசவைக்கிற சிகிச்சை முறை பிறகு அந்த வழியில்தான் வளர்ந்தது. வி.ஆர். அதற்கு இன்னொரு பொருள். கொஞ்சம் பெரிய போட்டோ ஆல்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லாருடைய பழசும் இனிப்பாக இருக்காது. பிறந்த வீட்டை அண்ணன் விற்றுவிட்டிருப்பார். கிணறு தூர்ந்து அங்கே செல்போன் டவர் நிற்கும். சொந்த ஊர் என்றாலே நினைக்க விரும்பாத காரணங்கள், சாதியோ அடியோ பசியோ, சிலருக்கு இருக்கும். படம் பிடிக்கப் போவதற்கு முன்பே "இப்ப எப்படி இருக்கோ தெரியாது பாட்டி, மாறியிருந்தா பரவாயில்லையா?" என்று கேட்கணும். வேண்டாம் என்றால் விட்டுவிடணும். "சர்ப்ரைஸ்" என்கிற சொல்லை இந்த ப்ராஜெக்ட்டில் யாரும் பயன்படுத்தக் கூடாது. இறந்துபோன கணவரை ஏ.ஐ.யில் உருவாக்கி வி.ஆரில் பேசவைக்கலாம் என்று போன ஹேக்கத்தானில் ஒரு டீம் சொன்னது, கைதட்டலும் வாங்கியது. தென்கொரியாவில் 2020-இல் ஒரு டி.வி. நிகழ்ச்சி, இறந்த மகளின் உருவத்தைத் தாய்க்கு வி.ஆரில் காட்டியது. உலகமே அதைப் பார்த்து அழுதது. அழவைப்பது சிகிச்சை ஆகாது. அதற்குப் பிறகு வருகிற ராத்திரிகளில் அந்த அம்மாவோடு யார் இருப்பார்கள் என்று யோசிக்காத எவரும் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. ரெண்டு கிரெடிட் ப்ராஜெக்ட்டில் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

நாம் இன்ஜினியர்கள், எனவே இன்ஜினியரிங்கும் கொஞ்சம் பேசணும். இங்கேதான் நம்மால் நிஜமாகவே ஏதாவது செய்ய முடியும். குவெஸ்ட் போன்ற ஹெட்செட் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எடை முழுக்க முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிய, ஒரு அரைக் கிலோ சர்க்கரை பாக்கெட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பின்பக்கம் எதிர் எடை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மெக்கானிக்கல் நண்பர்களே, இது உங்கள் ஏரியா.

அடுத்தது நாற்காலி. லேபில் நாம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து டெஸ்ட் பண்ணுகிறோம். இல்லத்தில் இருப்பது பிளாஸ்டிக் சேர், இல்லையென்றால் கட்டில். கழுத்தும் முழுசாகத் திரும்பாது. 360 டிகிரியில் பின்னால் இருக்கிற 180 டிகிரியை யாரும் பார்க்கப்போவதில்லை. எனவே முக்கியமானது எல்லாம் முன்பக்கத்தில் இருக்கணும். 180 டிகிரி கேமரா இருந்தாலே போதும், ஃபைல் சைஸும் பாதியாகும். கேமராவை டிரைபாடில் நாம் நிற்கிற உயரத்துக்கு வைப்பது இன்னொரு வழக்கம். பார்க்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். கண் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 110, 120 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் எடுத்தால் அந்தரத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். "தம்பி, எறக்கிவிடுப்பா" என்பார்கள்.

கேமராவை நகர்த்தவே கூடாது. பைக்கில் கட்டி எடுத்த வீடியோ நமக்கு த்ரில். கண் நகர்கிறது என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு நகரவில்லை என்கிறது, நடுவில் மாட்டிய மூளை குமட்டலைக் கொடுக்கிறது. ஏற்கெனவே தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது விளையாட்டில்லை. தலையைத் திருப்பினால் படம் 20 மில்லிசெகண்டுக்குள் கூடவே திரும்பணும். சில நூறு ரூபாய் அட்டைப்பெட்டியில் பழைய போனைச் செருகினால் அது நடக்காது, போனும் சுடும். கண்புரை இருப்பவர்களுக்கு வெள்ளை வெயில் காட்சி கூசும். மாலை வெளிச்சத்தில் எடுங்கள். காதுக்கருவி போட்டவரிடம் ஹெட்ஃபோனைத் திணிக்காதீர்கள், ஸ்பீக்கர் போதும். கையில் கன்ட்ரோலர் கொடுக்கவே வேண்டாம். ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் ஓட்டவேண்டாம். வலிப்பு வந்தவர், ஞாபகமறதி நோய் முற்றியவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

இவ்வளவிலும் எனக்கு முக்கியமான ஒரு ஃபீச்சர் இருக்கிறது. அது எல்லா ஹெட்செட்டிலும் ஏற்கெனவே உண்டு: காஸ்டிங். அவர் பார்ப்பதை உங்கள் போனிலும் ஓடவிடுங்கள். "இடது பக்கம் ஒரு புளியமரம் தெரியுதே பாட்டி, அதுவா?" என்று கேட்க முடியும். இல்லையென்றால் அவர் ஒரு உலகத்திலும் நீங்கள் இன்ஸ்டாகிராமிலும் இருப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். பேச்சுதான் மருந்து என்றால் ஹெட்செட் எதற்கு? நேரா போய்ப் பேசினால் போதாதா?

போதலாம். கோவாவில் நடந்த ஒரு ஆய்வு 2019-இல் வெளியானது. லேசான சோர்வு அறிகுறிகள் இருந்த, ஆனால் முழு மனச்சோர்வுக்கு இன்னும் போகாத 181 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் போய்ப் பேசினார்கள். அன்றாடச் சிக்கல்களைப் படிப்படியாகத் தீர்ப்பது எப்படி, நல்லாத் தூங்குவது எப்படி, உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் விஷயம். ஒரு வருஷத்தில் அந்தக் குழுவில் 91 பேரில் 4 பேருக்கு மட்டும் பெரிய மனச்சோர்வு வந்தது. வழக்கமான கவனிப்பு கிடைத்த மற்ற குழுவில் 90 பேரில் 13 பேர். லென்ஸ் இல்லை, ஜி.பி.யு. இல்லை, பேட்டரி இல்லை.

அப்புறம் நான் ஏன் ஹெட்செட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? நம் ஊர் தாத்தாவிடம் போய் "உங்க மனசைப் பத்திப் பேசலாமா" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன பைத்தியமா" என்பார். "உங்க ஊரு தேரை வீடியோ எடுத்துட்டு வந்திருக்கோம் தாத்தா, பாக்குறீங்களா" என்று கேளுங்கள், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். கதவைத் திறக்கவைக்கிற சாவி அது. நம் பக்கமும் அப்படித்தானே? சும்மா முதியோர் இல்லத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிட்டு வாடா என்றால் நம்மில் எத்தனை பேர் போவோம்? ஹெட்செட் டெமோ என்றால் மட்டும் எட்டு பேர் கிளம்புகிறோம். கூச்சம் இரண்டு பக்கமும்தான்.

ஆனால் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு வீடு கட்டிவிட்டோம் என்று சொல்கிற ஆபத்தும் இருக்கிறது. "எங்க இல்லத்துல வி.ஆர். வசதி இருக்கு" என்று போர்டு வைத்துவிட்டு ஒரு ஆயாம்மாவைக் குறைக்கலாம் என்று எந்த நிர்வாகமாவது நினைத்தால், நம் ப்ராஜெக்ட் அதற்குத் துணைபோயிருக்கும். நம் ரிப்போர்ட்டில் எழுதுகிற "மனச்சோர்வு குறைந்தது" என்கிற ஒரு வரிக்கு அந்த அளவுக்கு வலு உண்டு. அதனால்தான் அந்த வரியை அவ்வளவு சுலபமாக எழுதக் கூடாது என்கிறேன்.

பிறகு எப்படி அளப்பது? ஸ்மைலியை விட்டுவிடுங்கள். பத்து நிமிஷம் சின்னப் பையன்கள் சுற்றி நின்று கவனித்தாலே யார் வேண்டுமானாலும் சிரிப்பார்கள்; "பாவம், புள்ளைங்க அலைஞ்சு வந்திருக்குதுங்க" என்று ஐந்தாவது ஸ்மைலியில் டிக் போடுவார்கள். முதியோருக்கென்றே ஸ்டான்ஃபோர்டின் ஜெரோம் யெசவேஜும் அவர் குழுவும் 1980-களில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். சுருக்கமான வடிவத்தில் 15 கேள்விகள், ஆமாம் இல்லை என்று பதில். கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும், இந்த நிமிஷத்தை அல்ல. உடம்பு வலி, பசி பற்றிக் கேட்காது. வயதானால் அவை எப்படியும் இருக்கும், அதை வைத்து மனசைக் கணக்குப் போட முடியாது என்பதால். இதன் தமிழ் வடிவத்தைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் சரிபார்த்து 2015-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நாமே எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிற சமாச்சாரம் இல்லை இது. உளவியல் படித்த ஒருவர் கூட இருக்கணும், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும், அதிக மதிப்பெண் வருகிறவரை யாரிடம் அனுப்புவது என்று போவதற்கு முன்பே முடிவாகியிருக்கணும். யாராவது சாகணும்போல இருக்கு என்று சொல்லிவிட்டால் "ஐயோ அப்படிச் சொல்லாதீங்க பாட்டி" என்று பேச்சை மாற்றாமல் உட்கார்ந்து கேட்டு, இல்லத்துப் பொறுப்பாளரிடமும் உளவியலாளரிடமும் அன்றைக்கே சொல்லணும். டெலி மானஸ் எண் 14416, முதியோர் உதவி எண் 14567. இரண்டும் போனில் பதிவாகியிருக்கட்டும்.

ஒப்பீட்டுக் குழு எது என்பதும் முக்கியம். ஹெட்செட் குழு ஒன்று, எதுவுமே கொடுக்காத குழு ஒன்று என்று வைத்தால் ஹெட்செட் ஜெயிக்கத்தான் செய்யும், ஆள் வந்துபோவதே அந்தக் குழுவுக்குத்தானே. அதே மாணவர், அதே நேரம், அதே ஊர், ஆனால் கையில் பிரிண்ட் போட்ட இருபது போட்டோ. இது இரண்டாவது குழு. வாரம் ஒருமுறை, குறைந்தது எட்டு வாரம். முடிவில் போட்டோ குழுவும் ஹெட்செட் குழுவும் ஒரே அளவு முன்னேறியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். எந்த இல்லத்துக்கும் அது பயனுள்ள சேதி: இருபது போட்டோவும் ஒரு ஆளும் இருந்தால் போதும்.

இதற்கு மார்க் வருமா என்று கேட்பீர்கள். இப்போதைய ரிவ்யூ முறையில் வராது. "நாவல்ட்டி என்ன?" என்பதுதான் முதல் கேள்வி, எத்தனை தடவை திரும்பப் போனீர்கள் என்று எந்த பேனலும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆசிரியர்களும் இந்த இதழைப் படிக்கிறார்கள் என்பதால் வெளிப்படையாகவே வைக்கிறேன்: மனிதர்கள் மேல் செய்கிற ப்ராஜெக்ட்டுக்கு ஒரு தனி மதிப்பெண் பத்தி வேண்டும். எத்தனை வாரம் போனார்கள், ஒப்புதல் எப்படி வாங்கினார்கள், "பலன் இல்லை" என்ற முடிவை நேர்மையாக எழுதினார்களா என்பது அதில் இருக்கட்டும். "பலன் இல்லை" என்று எழுதினால் மார்க் குறையும் என்ற பயம் இருக்கிறவரை எல்லாருடைய பாட்டியும் எல்லா ரிப்போர்ட்டிலும் குணமாகிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இன்னொன்று, மே மாதம். வைவா முடிந்து நாம் பெங்களூருக்கோ சென்னைக்கோ கிளம்பிவிடுவோம். எட்டு வாரம் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒன்பதாவது வாரம் வரவில்லை என்றால், ஏற்கெனவே பிள்ளைகள் வராத வீட்டிலிருந்து வந்தவருக்கு அது என்ன சொல்லும்? அதனால் இந்த ப்ராஜெக்ட்டை நாலு ஃபைனல் இயர்கள் மட்டும் எடுக்கக் கூடாது. இரண்டு பேர் தேர்ட் இயரிலிருந்து முதல் வாரமே கூட வரணும், அவர்கள் முகம் அங்கே பழகணும். கிளம்பும்போது ஜூனியர்ஸுக்கு கிட்ஹப் லிங்க்கும் ஹெட்செட் சார்ஜரும் மட்டும் கொடுத்தால் போதாது. யாருக்கு எந்த ஊர் காட்டியாச்சு, யாருக்குக் காட்டவே கூடாது, மில் கேட் கேட்ட ஐயாவுக்கு அந்த ஷிஃப்ட் சங்கு சத்தம் எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம், கிணத்தடிப் பாட்டிக்கு இடது காது கேட்காது என்பதால் வலது பக்கம் உட்காரணும் என்றெல்லாம் எழுதிய ஒரு நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.